அண்ணா நின்ற பாலம்

ஜேர்மனியில் இருக்கும் ஒரு நகரத்தைப் பற்றி நான் ஒரு புத்தகமே எழுதலாம். அவ்வளவு என்னிடம் சொல்லப்பட்டது. இருபத்தைந்து வருடம், ஞாயிறு தவறாமல், அண்ணா அங்கிருந்து ஃபோன் எடுப்பார். அவருக்குக் காலை, உலகத்தின் மறுகோடியில் பென்டில் ஹில்லில் எனக்குப் பின்னேரம். கிழமை முழுவதற்குமான கறிகளை நான் சமைக்கிற நேரம். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அரிசி வாளியின் மேல் வைத்துவிட்டு வெங்காயம் வெட்டுவேன்.

அகதியாகப் போன முதல் வருடங்களில் அந்த நகர எல்லையைத் தாண்ட அவருக்கு அனுமதி இல்லை. கடிதம் இல்லாமல் பக்கத்து ஊருக்குப் போனால் பொலிஸ் பிடிக்கும். "சரி, இருக்கிறதை வடிவாப் பாப்பம் எண்டு நடந்தனான்" என்பார். சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவின நேரம் போக மிச்ச நேரமெல்லாம் நடந்து, அங்கே பிறந்தவர்களுக்கே தெரியாததையெல்லாம் தெரிந்துகொண்டார்.

சந்தைச் சதுக்கத்தைச் சுற்றி நிற்கும் பழைய வீடுகள் உண்மையில் பழையவை அல்ல. உலகப் போரில் குண்டு விழுந்து எல்லாம் தரைமட்டமாகிவிட்டது. பெண்கள் இடிபாடுகளில் செங்கல் பொறுக்கி, ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டி அடுக்கினார்களாம். பிறகு பழைய படங்களைப் பார்த்தும் மிஞ்சியிருந்தவர்களைக் கேட்டும் முன்பு இருந்தபடியே கட்டினார்கள். "யன்னல் எத்தினை, கதவு எந்தப் பக்கம் எண்டு சனம் ஞாபகம் வச்சிருந்திருக்கு, பார்!" என்று அண்ணா வியப்பார். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒருவரும் புல் வெட்டமாட்டார்கள். வாகனமே இல்லாத வீதியிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார்கள். "உன்ர மனுசன் இங்க வந்து கார் ஓடினா ஒரு நாளில லைசன்ஸ் போயிடும்" என்று சிரிப்பார்.

என்னிடம் மிஞ்சியது இவ்வளவுதான். மற்றதுக்கெல்லாம் நான் "ஓம் அண்ணா, ஓம்" என்றேன். ஒருமுறை எரிச்சலில், "அண்ணா, உங்களுக்கு வேற கதையே இல்லையா?" என்றும் கேட்டேன். "சரி, நீ சமை" என்று ஃபோனை வைத்தார். அடுத்த ஞாயிறும் எடுத்தார்.

போன தை மாதம் அண்ணா மாரடைப்பில் போய்விட்டார். மூன்று கிழமை கழித்து அவருடைய மகள் வீடியோவில் வந்தாள். கையில் கொப்பியும் பேனையும்.

"அப்பா எங்களோட கதைக்கிறதே குறைவு, மாமி. வேலை, சாப்பாடு, படுக்கை. உங்களோடதான் கதைச்சவர். என்ன சொன்னவர்?"

செங்கல்லைச் சொன்னேன், புல்லைச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவள் பேனையைக் கொப்பியிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள்.

"வேலைக்குப் போகேக்க ஒவ்வொரு நாளும் ஆத்துப் பாலத்தில கொஞ்ச நேரம் நிண்டுபோட்டுத்தான் போவார். ஏன் எண்டு தெரியுமா, மாமி?"

எனக்குச் சொல்லியிருந்தார். அன்று நான் கணவாய்க் கறி வைத்தேன், பழப்புளி கூடிவிட்டது. பாலத்தைப் பற்றி அவர் நீளமாகச் சொன்னதும், இடையில் குரல் கரகரத்ததும் ஞாபகம் இருக்கிறது. சொன்னது என்ன என்பதுதான் இல்லை. குக்கர் விசிலடித்தது. நான் "ஓம் அண்ணா" என்றேன்.

எதையாவது இட்டுக்கட்டியிருக்கலாம், பிள்ளை எழுதியிருப்பாள். எனக்கு வாய் வரவில்லை.

"தெரியாதம்மா. அவர் சொன்னவர். நான் கேக்கேல்லை."

அவள் கோபப்படவில்லை. நாலு ஏச்சு ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு அண்ணா எடுக்கும் அதே நேரம் அவள் பாலத்திலிருந்து எடுத்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் உட்கார்ந்தேன். மண்நிறத் தண்ணீர், எதிரே ஒரு செங்கல் சுவர், பெயின்ட் உரிந்த இரும்புக் கைபிடிக் கம்பி. ஃபோனை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

"ஏதாவது ஞாபகம் வருதா, மாமி?"

"அந்தக் கம்பியை இன்னொருக்காக் காட்டம்மா."

காட்டினாள். வெறும் கம்பிதான். அவளுக்குக் கை உளைந்திருக்கும், ஆனாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுமுனையில் பிள்ளை இருக்கிறாள் என்பதையும் மறந்து, அந்தக் கம்பியைப் பார்த்தே கேட்டேன்.

"அண்ணா, திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ."