துரைக்கண்ணு என்ற பெயரில் ஆடியவர்

சில நாள் முன்பு காலையில் என் மகளுக்கு இரட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். நான் பின்னினால் ஒரு சடை காதுக்கு மேலே ஏறிக்கொள்ளும், மற்றது தோளுக்கு இறங்கிவிடும். அவள் கண்ணாடியில் என்னை முறைத்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. பேசியது பென்னலூர் காமாட்சி அக்காவின் மகள் ரேவதி.

"மாமா, அம்மா போய்ட்டாங்க. விடிகாலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..."

என் முகத்தைப் பார்த்த மகள், "யாருப்பா?" என்று கேட்டாள்.

"துரைக்கண்ணு போய்ட்டாங்கம்மா" என்றேன். என் வாயில் வந்தது அந்தப் பெயர்தான்.

எங்கள் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா எங்கள் கேன்டீனில் பரிமாறுகிறவர். ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி. நான் அங்கே ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை என்னை விடமாட்டேன் என்று பலமுறை கூப்பிட்டு வைத்துக்கொண்டது. ஆகவே எழுத்தில் பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் ஏறியதும் எல்லோரும் போனில் கேரம் ஆடுவோம். அதில் வைத்துக்கொண்ட பெயரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் கூப்பிடுவது. டிரைவர் ஏழுமலை அண்ணன் வண்டி நிற்கும் நேரத்தில் மட்டும் ஆடுவார். அவர் பெயர் 'ஏசி பஸ்'. எங்கள் வண்டியில் ஃபேன்கூட ஓடாது. "இல்லாதத பேருலயாவது வச்சிக்கலாம்ல" என்பார். நான் ஒரு ஆட்டமும் ஜெயிக்கும் முன்பே 'கேரம் கிங்' என்று வைத்துவிட்டேன். இன்றுவரை ராஜ்ஜியம் அமையவில்லை.

ஒருநாள் அக்காவே தன் போனை நீட்டினார். "எனக்கும் அத்தப் போட்டுக் குடு தம்பி."

"பேரு கேக்குதுக்கா."

"இரு, நானே போடறேன்."

எழுத்து எழுத்தாகத் தேடி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, 'துரைக்கண்ணு' என்று அடித்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னாக்கா, ஆம்பள பேரு? ரவுடி மாதிரி கீது!"

"ஆடப் போறது நானா, பேரா? மூடிகினு காய அடுக்கு."

அன்றே என்னை ஒரு காய்கூடப் போடவிடாமல் தோற்கடித்தார். மறுநாளிலிருந்து பென்னலூர் நிறுத்தத்தில் பஸ் நின்றதும் ஏழுமலை அண்ணன் கத்துவார்: "துரைக்கண்ணு, ஏறு நைனா! லேட்டாவுது!" பின்னாலிருந்து நாங்கள் எல்லோரும் சேர்ந்துகொள்வோம். அக்கா சிரித்துக்கொண்டே ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைப்பார். அங்கே யாரையும் உட்காரவிடமாட்டார். சாம்பார் வாளி தூக்கும் ஆளுக்குக் கைகால் நீட்ட இடம் வேண்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

பிறகு கம்பெனியில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. வரிசையில் நான் அக்காவுக்குப் பின்னால் நின்றேன். நர்ஸ் பெண் அவரிடம் கணவர் பெயரைக் கேட்டது. அக்கா வாயைத் திறக்காமல் ஆதார் அட்டையை நீட்டினார். எங்கள் பக்கத்தில் அந்த வயதுப் பெண்கள் கணவர் பெயரைச் சொல்வதில்லை. கேட்டால் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வார்கள். அட்டை தேய்ந்திருந்ததால் நர்ஸுக்கு எழுத்து சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. நான் எட்டிப் பார்த்துப் படித்தேன்.

"துரைக்கண்ணு" என்று பாதி சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. அவர் இறந்து பல வருடமாயிற்று என்று எங்களுக்குத் தெரியும். பெயர்தான் தெரியாது.

அன்று அக்கா இறங்கிய பிறகு பஸ்ஸில் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். எல்லோருக்கும் சங்கடமாகிவிட்டது. இறந்துபோன மனிதரின் பெயரையா இத்தனை நாள் கூவிக்கொண்டிருந்தோம்? மறுநாள் ஏழுமலை அண்ணன் சீட்டிலிருந்து பாதி எழுந்து, "வாங்க காமாட்சிம்மா" என்றார். பின்னால் ஒரு சத்தமில்லை. நாங்கள் மரியாதை செய்வதாகத்தான் நினைத்தோம். அக்கா தலை குனிந்து ஏறினார். அந்த வாரம் முழுவதும் அவர் போனை எடுக்கவே இல்லை.

கடைசியில் கேன்டீனில் என் தட்டுக்கு மேலே கரண்டியை நிறுத்திக்கொண்டு கேட்டார்: "யாரு உங்கள நிறுத்தச் சொன்னது?"

எனக்குப் புரியவில்லை.

"எங்க வூட்ல அவரு பேரச் சொல்ல ஆளே இல்ல தம்பி. மாமியா இருந்தவரைக்கும் கூப்ட்டுகினு இருந்துச்சு, அதுவும் பூடுச்சு. பொண்ணு அப்பான்னுவா. நான் ஒரு நாளும் வாயால சொன்னதில்ல, இனிமேலயும் வராது. நீங்க அந்தக் கத்து கத்தசொல்லோ, அவரும் என் கூடவே பஸ் ஏர்றாப்புல இருந்துச்சு. அதையும் புடுங்கிகினீங்களே."

பக்கத்து இருக்கை எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இனிமே மரியாதையா, 'ங்க' போட்டுக் கூப்பிடறோம்க்கா" என்றேன்.

"அய்ய, வேணாம். அந்த மனுசன் மரியாதையெல்லாம் தாங்க மாட்டாரு" என்று சொல்லி, சாம்பாரைத் தட்டு வழியும்படி ஊற்றினார்.

அதன் பிறகு மழை நாளோ, ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமோ, ஒரு காலையும் நாங்கள் அந்தப் பெயரைக் கூப்பிடாமல் விடவில்லை. அக்காவும் என்னைத் தோற்கடிக்காமல் விடவில்லை.

அக்கா, உங்களுக்கு மாலை போட்டோம், தோள் கொடுத்தோம். ஆனால் முறையாக வழியனுப்பியது நேற்றுக் காலையில்தான்.

பென்னலூர் நிறுத்தத்தில் ஏற யாருமில்லை. இருந்தும் ஏழுமலை அண்ணன் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தார். கூப்பிட வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்தார். உங்கள் ஜன்னலோரத்தையும் பக்கத்து இருக்கையையும் யாரும் தொடவில்லை. நான் எழுந்து நின்று, உங்கள் வீட்டு வாசல் வரைக்கும் கேட்கும்படி கத்தினேன்:

"துரைக்கண்ணு, ஏறு நைனா! அக்காவையும் கூட்டிகினு ஏறு!"

ஏழுமலை அண்ணன் கதவை உடனே மூடவில்லை. இரண்டு பேர் ஏறி உட்காரும் நேரம் விட்டுத்தான் மூடினார்.