தள்ளிக்கொண்டு போன ஸ்கூட்டர்

ராயபுரத்து ஜானட்டுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும். டிரெய்லர் லாரிகளைக் கண்டால்தான் உதறல். துறைமுகச் சாலை வந்ததும் இறங்கி வண்டியைத் தள்ளுவாள்; பின்னால் உட்கார்ந்து வந்த அக்கா தெக்லாவும் நடப்பாள். இன்னொரு நாள் ஒன்பது மணியைத் தாண்டி வந்தால் இருவருக்கும் வேலை இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

அன்றும் தள்ளினாள். நெரிசலில் நின்ற டிரெய்லர் டிரைவர் ஹாரனை அலறவிட்டான்.

"இன்னாம்மா, வண்டிய வாக்கிங் இட்டுகினு போறியா? வூட்ல சோறாக்கு, போ!"

ஜானட்டுக்கு ரத்தம் கொதித்தது.

"அத்தினி சக்கரம் வெச்சிகினு அசையாம நிக்கிற, நீ என்னைக் கேக்குறியா? அக்கா, ஏறு!"

திட்டிக்கொண்டே லாரிகளுக்கு நடுவில் புகுந்தாள். தெக்லா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கம்பெனி வாசலில் இறங்கியபோது ஒன்பதுக்கு நாலு நிமிடம் இருந்தது. ஜானட் இன்னும் அவனைத் திட்டி முடிக்கவில்லை.