பூட்டியிருந்த பின்கதவு

மங்கா அக்கா இறந்த செய்தி, காலையில் நாம் சோப்புக் கம்பெனி வாசலில் வரிசையில் நிற்கும்போது வந்தது. கவரைப்பேட்டை கன்னியம்மாதான் சொன்னாள். ஒரு வாரக் காய்ச்சலாம். நீங்கள் எல்லோரும் அழுதீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

பஞ்சாயத்து ஆபீசில் டெலிவிஷன் வைத்த புதிதில், இரவு கடைசியாக வரும் நட்சத்திரப் பேட்டியைப் பார்க்க நம்மில் யாருக்கும் வழியில்லை. அக்கா வீடு அந்த ஆபீசுக்கு எதிரே இருந்தது. பார்த்துவிட்டு வந்து, மறுநாள் சாப்பாட்டு வேளையில், நாம் சோப்புக்குக் காகிதம் சுற்றும் கொட்டகையில் நடித்துக் காட்டுவார். காகிதம் சுற்றாத சோப்புக் கட்டிதான் மைக். கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டிதான் விருந்தாளியின் நாற்காலி. கேள்வி கேட்பவரும் அவர்தான், கால்மேல் கால் போட்டுப் பதில் சொல்லும் நடிகையும் அவர்தான்.

“எனக்குப் பழைய சோறுன்னா உசுருங்க” என்று நடிகையாகக் குழைந்துவிட்டு, உடனே நம் பக்கம் திரும்புவார். “கழுத்து நெறைய தங்கத்தப் போட்டுகினு இன்னா பேச்சு பேசறா பாருமே.”

ஏழாம் வகுப்போடு நின்று வேலைக்கு வந்த எனக்கு அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு வேலை. முன்வாசலைப் பார்த்து உட்கார வேண்டும், மேஸ்திரி வந்தால் இரும வேண்டும். “இது பேசாது. இருமும் இல்ல?” என்று அக்காதான் அந்த இடத்தைக் கொடுத்தார். என்னை ஒருநாள் பெட்டியில் உட்காரவைக்கப் போவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். “வாய் இருக்கறவள எவன் வேணா பேட்டி எடுப்பான். வாய் தொறக்காதவள பேச வெக்கணும், அதான் வேலை.”

ஒருநாள் கன்னியம்மா, “எப்பப் பாரு சினிமாக்காரிதானா? நம்ம மேஸ்திரியக் கூப்டுக்கா” என்றாள். அக்கா வயிற்றைத் தள்ளிக்கொண்டு பெட்டியில் சாய்ந்தார்.

“சார், நீங்க இவ்ளோ முன்னுக்கு வந்ததுக்கு இன்னா காரணம்?”

“நான் எந்த வேலையும் செய்யறதில்லமா. அதான் காரணம்.”

கொட்டகையே சிரித்தது. மேஸ்திரி அப்போதுதான் வந்து நின்றார். நேராக என்னைப் பார்த்தார். ஓர் ஆம்பிளை என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது இருமக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குள் அக்கா அடுத்த பதிலையும் சொல்லி முடித்துவிட்டார்.

மறுநாளே அவரைச் சோப்புக்குச் சோடாக் காரம் கலக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். ஒரு மாதத்தில் விரல்களின் தோல் உரிந்தது. சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார். அதற்கப்புறம் பேட்டி நடக்கவில்லை.

“கண்ண எங்கடி வெச்சிகினு இருந்த?” என்று நீங்கள் என்னைச் சூழ்ந்துகொண்டபோது, அக்காதான் விலக்கினார். “அந்தாளு பின்கதவு வழியா வந்துட்டாருமே. அது இன்னா பண்ணும், பாவம்.” நீங்கள் நம்பினீர்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

போன மாதம் குழாயடியில் பார்த்தேன். வெந்த விரல்களை மைக்போல் மடக்கி என் முன்னால் நீட்டி, “சொல்லுங்கம்மா, எப்போ பொட்டில உக்காரப் போறீங்க?” என்றார். அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதன்பிறகு அவரைப் பார்க்கவில்லை.

பின்கதவு அன்றைக்குப் பூட்டியிருந்தது. அதன்மேல் காகித மூட்டைகளைச் சாய்த்து அடுக்கியவரே அக்காதான்.

எனக்காக அவர் சொன்ன அந்த ஒரு பொய்தான் அவரிடமிருந்து என்னிடம் இருப்பது. இத்தனை நாள் அதற்குள் ஒளிந்துகொண்டிருந்தேன். அவர் நீட்டிய கைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். மேஸ்திரி முன்வாசல் வழியாகத்தான் வந்தார். நான் பார்த்தேன். இருமவில்லை.