வெறும் வயிற்றோடு ஓடிய மாமா

ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை பொய்த்துப்போன வருடம் அது. எங்கள் வீட்டிலேயே வளர்ந்த அம்மாவின் தம்பிக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை கிடைக்கும் போலிருந்தது. ஆனால் மயிலாடுதுறை மைதானத்தில் மணல் மூட்டையைத் தோளில் ஏற்றி, கீழே வைக்காமல் சுற்றி ஓடிக் காட்ட வேண்டுமாம். மாமாவோ காற்றடித்தால் பறந்துவிடுகிற ஆள்.

அம்மா அதற்காக உபவாச ஜெபத்தில் இறங்கினாள். இரவில் எங்களுக்குப் பரிமாறிவிட்டு, பைபிளோடு தனியே உட்கார்ந்துவிடுவாள். மாமாவின் தட்டில் மட்டும் சோறு மலையாகக் குவியும். இதற்கும் கர்த்தர் இரங்காவிட்டால் அவரோடு பேசுவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன்.

தேர்வன்று காலையில் கஞ்சி, அவித்த முட்டை, வாழைப்பழம், போதாததற்குக் குளுக்கோஸ் தண்ணீர் என்று மாமாவுக்குள் திணித்தாள் அம்மா. எங்கள் ஊர் குத்தாலத்திலிருந்து மூவரும் பஸ்ஸில் வந்த குலுக்கலில், மைதானத்து வாசலிலேயே அத்தனையும் வாந்தியாக வந்துவிட்டது.

"அய்யோ, வெறும் வயித்தோட எப்படிடா தூக்குவ?" அம்மா அழுதேவிட்டாள்.

"பயப்படாதக்கா. நீ ஜெபம் பண்ணு" என்றார் மாமா.

மூட்டையோடு சிட்டாகப் பறந்தார். பாதியில் கால் பின்னியது, முகம் வெளிறியது. கூட ஓடியவர்கள் ஒவ்வொருவராக மூட்டையைக் கீழே போட்டார்கள். போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால், மாமா ஓடிக்கொண்டிருக்கிறார்! மூச்சு சீராகியிருந்தது. வயிற்றில் பருக்கை இல்லாத மனிதர், எங்கிருந்தோ எடுத்தெடுத்துச் செலவழிப்பது போல ஓடினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அவர் முடிவுக் கோட்டைத் தொட்டதும் அம்மா "ஸ்தோத்திரம்" என்று சொல்லி அப்படியே தரையில் சரிந்தாள். சந்தோஷ மயக்கம் என்றார்கள்.

பிறகு பள்ளியில் படித்தேன். ஓடுகிற உடம்பு காலையில் சாப்பிட்டதை மட்டும் நம்பி ஓடுவதில்லை. முந்தைய நாட்களின் சோற்றைத் தசையும் ஈரலும் சேமித்து வைத்திருக்கும். மூச்சு சீரானதும் கொழுப்பும் கூடச் சேர்ந்து எரியும். இத்தனை ஏற்பாடு இந்த ஒல்லி உடம்புக்குள்ளா என்று அன்றும் மாமாவைத்தான் வியந்தேன்.

அந்தச் சோறு யாருடைய பங்கு என்று யோசிக்கவில்லை. மாமா விமானம் ஏறிய இரவு, அம்மா அவருடைய தட்டைக் கழுவி எடுத்துவந்து எங்களோடு சாப்பிட உட்கார்ந்தாள். ஜெபம் பலித்ததால் உபவாசத்தை முடித்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.