அத்தானின் மாயக்குதிரை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள் அவள். குடும்பத்தில் எல்லோருக்கும் சின்னவள், இன்னும் கல்யாணமாகாதவள். மூக்குக்கண்ணாடி பிரேமுக்குத் தக்கபடி லென்ஸைத் தேய்த்து, விளிம்பை இழைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அனுப்ப வேண்டும். வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாத வேலை. வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொட்டித் தீர்ப்பாள்.

அன்று அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கதை ஆட்டம் நடக்கும். ஆளுக்கொரு வேஷம். என்ன செய்யப்போகிறோம் என்பதை வாயால் சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லிவிடும்; பெரிய எண் விழுந்தால் பலித்தது, சின்ன எண் என்றால் இல்லை. காட்டையும் கோட்டையையும் பூதங்களையும் ஆட்டிவைப்பவள் சின்னவள். அவள் முன்னால் ஓர் அட்டைத் தடுப்பு நிற்கும். அதற்குப் பின்னால் அவள் உருட்டும் பகடை அவள் கண்ணுக்கு மட்டுமே தெரியும். ஆடுகிறவர்கள் மூன்று பேர்: மருந்துக்கடை அம்மாள், லிஃப்ட் பழுதுபார்ப்பவர், அக்காவின் கணவர்.

அத்தான் ஆயுசில் பாதியைப் பஸ் ஓட்டியே கழித்தவர். பார்வை மங்கிக்கொண்டு வந்ததை யாரிடமும் மூச்சுவிடாமல் சமாளித்துவந்தார். ஒருநாள் டிப்போவில் வண்டியைப் பின்னால் எடுத்தபோது சுவர் இருந்தது தெரியவில்லை. யாருக்கும் அடியில்லை, சுவர்தான் சரிந்தது. அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தார். அதன்பிறகு கட்டிலும் அவருமாகக் கிடந்தார். "ஏதாவது பண்ணுடி" என்று அக்கா அழுததால்தான் சின்னவள் அவரை ஆட்டத்துக்கு இழுத்து வந்தாள்.

ஆட்டத்தில் ஒரு குதிரை வந்தது. அதை அவருக்கென்று அவள் படைக்கவில்லை. வனமோகினிகளின் தொழுவத்திலிருந்து தப்பிச் சதுப்பில் திரியும் மாயக்குதிரை அது. பனிநிற உடம்பு, பாசி போன்ற பிடரி. களைத்த வழிப்போக்கன் முன்னால் மண்டியிட்டு ஏறச்சொல்லும். ஏறினவனைச் சேற்றின் ஆழத்துக்குக் கொண்டுபோய் அமுக்கிவிடும். இரும்பு பட்டால்தான் சாகும். மூவரும் சேர்ந்து வெட்டிச் சாய்க்கட்டும் என்றுதான் அவள் அதை அங்கே நிறுத்தியிருந்தாள். மற்ற இருவரும் வாளை உருவினார்கள். அத்தான் வாளைக் கீழே போட்டார்.

"நான் அதுகிட்ட பேசிப் பார்க்கறேன்."

"என்னன்னு பேசுவீங்க அத்தான்?"

"குளிர்ல கிளம்பாத வண்டிகிட்ட என்ன பேசுவேனோ அதைத்தான். 'என்னப்பா, தூக்கம் பத்தலையா? அவசரமே இல்ல, மெதுவா வா.'"

பகடையை உருட்டினார். இருபது. மருந்துக்கடை அம்மாள் கத்திய கத்தலில் அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

அன்றிலிருந்து குதிரை அவருடையது. கடிவாளம் கிடையாது, சேணம் கிடையாது. ஒரு மரத்தின் நிழலுக்குள் நுழைந்தால் தூரத்து மரத்தின் நிழலிலிருந்து வெளியே வரும். வளைவு வந்தால் மேஜைமேல் அத்தானின் கைகள் தாமாகவே திரும்பும். நாலு பேருக்கு நடுவில் அவர் பழையபடி சிரித்தார்.

அத்தானுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் பக்கத்துச் சொந்தக்காரர்கள் விருந்துக்கு வந்திருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னார்: "எங்க மச்சினி லென்ஸ் போட்டுவிட்டா குருடனுக்கும் உலகம் தெரியும். ஆனா பாருங்க, இவ மட்டும் எவன் கண்ணுலயும் பட மாட்டேங்கறா."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சின்னவளும் சிரித்துவைத்தாள். தட்டில் இருந்ததை எப்படி விழுங்கினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் ஆட்டத்தில் ஆற்றுப்பாலம் வந்தது. "ஏறுறதுக்கு முன்னாடி அக்கரையில யாராவது நிக்கறாங்களான்னு பார்த்துக்கறேன்" என்றார் அத்தான். பகடையில் இரண்டுதான் விழுந்தது.

"ஒண்ணும் தெரியல" என்றாள் சின்னவள்.

பாலத்தின் நடுவில் குதிரை வந்தபோது, அக்கரைப் புதரிலிருந்த வில்லாளி இரும்பு அம்பை விட்டான். தடுப்புக்குப் பின்னால் அவள் உருட்டினாள். மூன்று விழுந்தது. அம்பு குதிரையின் பக்கத்தில்கூடப் போயிருக்காது.

"இருபது" என்றாள்.

குதிரை செத்தது. லிஃப்ட்காரர் "ஐயையோ" என்றார். அத்தான் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து, போட்டுக்கொண்டு, மறுபடியும் கழற்றினார். அவளுக்கு ஒரு நிமிஷம் வயிறு குளிர்ந்தது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே அந்தக் குளிர்ச்சி போய்விட்டது.

இரண்டு ஞாயிறாக அத்தான் ஆட்டத்துக்கு உட்காரவில்லை. தலைவலி என்றார். பிறகு அக்கா கண்ணாடிக் கடைக்கே வந்தாள். அத்தானின் கண்ணாடி பிரேம் தளர்ந்துவிட்டதாம், இறுக்க வேண்டுமாம்.

"என்னடி ஆச்சு இவருக்கு? முனைக்கடைக்குக்கூடத் தனியா போக மாட்டேங்கறார். 'நான் பார்க்காம விட்டுட்டேன், பார்க்காம விட்டுட்டேன்'னு அதையே சொல்லிட்டிருக்கார். மறுபடியும் அந்த டிப்போ சுவர் ஞாபகம் வந்துடுச்சு போல."

சின்னவளின் கையிலிருந்த குட்டித் திருகாணி நழுவி உருண்டு போனது. அதைத் தேடுகிற சாக்கில் மேஜைக்கடியில் குனிந்தவள், எழுந்து வர வெகுநேரமாயிற்று.

மறுநாள் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அத்தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். உண்மையை நேரே சொல்லாமல் முதலில் சுற்றிவளைத்தாள்.

"அத்தான், அது மாய ஜாதி. செத்தா அதோட நாட்டுக்குத்தான் போகும். நீங்க கூப்பிட்டா திரும்ப வர்ற மாதிரி பண்ணிடலாம்."

"வேணாம்மா. நீ நியாயமாத்தான் ஆடினே. கண்ணுல கோளாறு இருக்கறவன் முன்னாடி போயிருக்கக் கூடாது. தப்பு என்னோடது."

நியாயம் என்ற அந்த வார்த்தையை அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"அத்தான், அன்னிக்கு இருபது விழல."

அவர் நிமிர்ந்தார். "எவ்வளவு விழுந்துது?"

"மூணு."

"அப்போ அம்பு?"

"பட்டிருக்காது. நான் பொய் சொன்னேன்."

தெருவில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் போன பக்கமாக அவர் முகத்தைத் திருப்பினார்.

"ஏன்?"

அன்றைக்கு விருந்தில் அவர் சொன்ன கேலியை எடுத்துச் சொன்னாள். திருப்பிச் சொல்லும்போது அது இன்னும் அற்பமாகத் தோன்றியது. அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"அப்படியா சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லையே. சொல்லியிருப்பேன். என் வாய் அப்படித்தான். அதுக்கு அங்கேயே என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே, சின்னவளே. கண்ணுலயா அடிக்கணும்?"

அவள் அழுதாள். அவர் தேற்றவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே அடுப்படிக்குப் போய், ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

அடுத்த ஞாயிறு தடுப்பு அட்டையை அவள் எடுத்துவரவில்லை. ஏனென்று மற்ற இருவரும் கேட்டபோது மறைக்காமல் சொன்னாள். மருந்துக்கடை அம்மாள் "அடிப்பாவி" என்றாள்; வழக்கமான விளையாட்டுக் குரல் அதில் இல்லை. லிஃப்ட்காரர் பென்சிலை உருட்டிக்கொண்டே தலைகுனிந்திருந்தார். அத்தான் கடைசியாக வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"அம்பு படலன்னே வச்சுக்கலாம் அத்தான்" என்றாள் அவள். "குதிரை பாலத்துலதான் நிக்குது."

"இல்ல. அது செத்தப்போ நான் இருந்தேன். இனிமே நடந்தே போறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது அவர் முனைக்கடைக்குத் தனியாகப் போய்வருகிறார். சின்னவளை விருந்தாளிகள் முன்னால் கேலி செய்வதில்லை. வேறு எதற்கும் கேலி செய்வதில்லை என்பதுதான் அவளுக்கு வலி. ஞாயிறுதோறும் ஆட்டம் நடக்கிறது. ஒவ்வொரு கோட்டை வாசலிலும் மற்ற இருவரும் தங்கள் குதிரைகளை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். அத்தான் நடந்து வருகிற வழியைச் சின்னவள் மரம் மரமாக, மேடு பள்ளமாக, அவசரப்படாமல் சொல்லிக்கொண்டு வருகிறாள்.