சுவரில் எழுதிய என் வாசல்

எண்பதாம் வருஷம் பிறந்த புதிதில், பழவேற்காட்டில் பஸ் நிற்கும் இடத்துச் சுவரில் பெயிண்டரை விட்டு எழுத வைத்தேன்: "உயிர் நண்டு கிடைக்கும். கோட்டைக்குப்பம், அம்மன் கோயிலுக்குப் பின்வீடு." எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் என் வாசல் ஊர்ச்சுவரில் நிற்பதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. புருஷன் போன பிறகு அந்தச் சுவர்தான் எனக்கும் என் மகளுக்கும் சோறு போட்டது.

அதைப் படித்துவிட்டுத்தான் அவனும் வந்தான். வெளியூர் இறால் கம்பெனிக்குப் பெண்பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டு. நான் கரைக்குப் போகும் நேரம் பார்த்து வருவான். தங்க இடம், மூன்று வேளைச் சோறு என்று மகளுக்கு ஆசை காட்டுவான். அப்படிப் போன பக்கத்துக் குப்பத்துப் பெண் ஐஸில் இறால் உரித்து உரித்து விரலெல்லாம் புண்ணாகித் திரும்பியதைப் பார்த்தவள் நான்.

ஒருநாள் அவனை மடக்கினேன்.

"யோவ், யாரு சொன்னா உனக்கு என் வூட்ட?"

"நீதானம்மா சொவுத்துல எழுதி வெச்சிக்கிற."

"அது நண்டு வாங்க வர்றவங்களுக்குய்யா!"

"சொவுரு அப்டி சொல்லலியே" என்று சிரித்தான்.

மறுநாளே கீழே "நண்டுக்கு மட்டும்" என்று எழுத வைத்தேன். அதையும் படித்துவிட்டு வந்தான்.

எங்கள் ஏரியில் ஒருத்தர் தன் வலைக்கு இடம் பிடித்துக் கழி நட்டுத் துணி கட்டிவிட்டால் எல்லார் கண்ணிலும் படும். ஆனால் அங்கே வேறு யாரும் வலை கட்ட மாட்டார்கள். சுவரும் அப்படித்தான் என்று நம்பிவிட்டேன்.

பொன்னேரிக்குப் போய் வக்கீலைப் பார்த்தேன்.

"தெருவுல நீங்களே எழுதினதைப் படிச்சுட்டு ஒருத்தன் வர்றதைக் குத்தம்னு சொல்ல முடியாதும்மா. 'நண்டுக்கு மட்டும்'னு எழுதினா அது அவனைக் கட்டுப்படுத்தாது."

"ஏரியில நட்ட கழி கட்டுப்படுத்துதே, ஐயா!"

"அது உங்க ஊர்க் கட்டுப்பாடு. வேணாம்னு சொன்ன பொறவும் வீட்டுக்குள்ள கால் வெச்சான்னா வாங்க, பார்க்கலாம். இல்லன்னா சுவரை அழிச்சிடுங்க."

அழிப்பதா? அவன் அலைவான், நான் என் சோற்றைத் துடைத்துக்கொண்டு ஒளிய வேண்டுமா? பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். வக்கீல் சொன்னதை மகளிடம் அப்படியே சொன்னேன்.

அடுத்த தடவை அவன் வந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். மகள்தான் வாசலில் நின்றாள்.

"எனக்கு வேணாம்ணே. உள்ள வராதீங்க."

"அட, கேளும்மா" என்று நிலையைத் தாண்டிக் காலை வைத்தான்.

அவள் கொடுக்குக் கட்டாத நண்டுக் கூடையை அவன் காலடியில் கவிழ்த்தாள். அவன் அலறிக்கொண்டு தெருவுக்குக் குதித்தான்.

"நண்டுக்கு மட்டும்னு போட்டிருக்கே, படிக்கலியா?" என்றாள்.

அப்புறம் அவன் எங்கள் பக்கம் வரவில்லை. வெயிலில் வெளுக்க வெளுக்க அந்தச் சுவரை மறுபடி எழுத வைத்தேன். ஆனால் அவன் வேறு ஊரில் வேறு சுவரைப் படிக்கத்தானே போயிருப்பான்? அங்கே எந்தப் பெண் வாசலில் நின்றாளோ. அதை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.