சோற்றுக்கு முன்னால் பாடும் பாட்டு

கடலூர் முதுநகரைத் தாண்டி, உப்புக்காற்றில் சுவர் உரிந்துகொண்டிருக்கும் பெண் குழந்தைகள் இல்லம் அது. சிதம்பரத்தில் நான் நடத்தும் ஜெராக்ஸ் கடைக்கு ஞாயிறு விடுமுறை. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் என் கால்களில் எறும்பு ஊரும். காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு, அங்கே பாட்டுச் சொல்லித் தரப் போனேன். இசைப் படிப்பைப் பாதியில் விட்டவள் நான். விட்ட பாதி என்னை விட்டபாடில்லை.

முதல் வகுப்பில், "ஒங்களுக்குத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணு பாடுங்க" என்றேன். இருபது பெண்களும் ஒரே நேரத்தில் கை கூப்பினார்கள், கண்ணை மூடினார்கள். கொடுத்தவர் நீடூழி வாழ வேண்டும் என்று ஒரு பாட்டு. ஒல்லியான, தேய்ந்த, கீழே பார்க்கிற குரல். முடித்ததும் நான் வாய் திறப்பதற்குள் எழுந்து ஓடினார்கள். கை கழுவிக்கொண்டு திரும்பி வந்து வராந்தாவில் இரண்டு வரிசையாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். மணி பத்துகூட ஆகவில்லை. வரிசையின் கடைசியில் இருந்த பொடிசு என்னை அண்ணாந்து பார்த்துக் கேட்டது: "யாருக்குக்கா பர்த்டே?"

வார்டன் அம்மா சிரித்துக்கொண்டே விளக்கினார். பிறந்த நாள், கல்யாண நாள் என்று யாராவது வந்து சாப்பாடு போடுவார்கள். இலையில் பரிமாறி முடித்ததும் பிள்ளைகள் இந்தப் பாட்டைப் பாட வேண்டும். பாடின பிறகுதான் சோற்றில் கை வைக்கலாம். "செத்தவங்க நெனவு நாளுக்கும் இதே பாட்டுதான் மேடம். நீடூழி வாழ்கன்னு. அதுங்களுக்கு வேற தெரியாது."

அந்த மதியம் பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டேன். நான் பிறந்ததிலிருந்து எத்தனை வேளை சாப்பிட்டிருப்பேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன். உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளியிருக்கிறேன். ஒரு வேளைக்காவது பாடியிருக்கிறேனா? பாட்டு என்பது வயிற்றுக்கு வாசலில் நிற்கும் காவல்காரனா? இந்தப் பிள்ளைகளுக்கு ராகம் சொல்லித் தருவது அப்புறம். முதலில் அந்தக் கைகளைப் பிரிக்க வேண்டும்.

தாளத்தில் தொடங்கினேன். தொடையில் தட்டு, விரலை எண்ணு, கையைத் திருப்பு. தாளம் போடுகிற கை கும்பிட முடியாது. ஆனாலும் சுருதிப்பெட்டி முனக ஆரம்பித்தால் சில கைகள் தாமாகவே ஒன்று சேரும். தட்டிப் பிரிப்பேன். திரும்பச் சேரும். நானும் விடவில்லை.

பின்வரிசையில் ஒருத்தி இருந்தாள். எட்டாவது படிக்கிறாள். தெற்கே ஒரு மீனவக் கிராமத்துப் பெண். அப்பா கடலோடு போனார், அம்மா நோயோடு போனாள். கரையில் நின்று கூப்பிட்டால் படகு திரும்பிப் பார்க்கும், அப்படியொரு குரல். அவள் மட்டும் வாயை அசைத்துக்கொண்டு சத்தம் வராமல் உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று வார்டன் அம்மாவைக் கேட்டேன்.

"நான்தான் அப்பிடிச் சொல்லி வச்சிருக்கேன். அதுக்குக் கொரலு ஜாஸ்தி மேடம். கேட்டா யாருக்கும் பாவம்னே தோணாது."

அவளை முன்வரிசைக்கு இழுத்து உட்கார வைத்தேன். மூன்று மாதத்தில் மற்றவர்களின் குரலும் அவள் குரலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்து என்ன விசேஷம் என்று கேட்டார்.

பிறகு அந்த அறுபதாம் கல்யாணம் வந்தது. சேத்தியாத்தோப்புப் பக்கம் அரிசி மில் வைத்திருக்கும் ஒருவருக்கு. இல்லத்துக்கு மாதாமாதம் அரிசி மூட்டை அவரிடமிருந்துதான் வருகிறது. சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் விழா. பிள்ளைகள் மேடையேறி அவருக்கு நன்றி பாட வேண்டும். இல்லத்தின் மேனேஜர் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். அன்னமிட்ட அப்பாவே, அநாதைகளின் தெய்வமே என்று எட்டு வரி.

"ட்யூன் மட்டும் போட்டுக் குடுங்க மேடம். கேக்குறவங்களுக்குக் கண்ணுல தண்ணி வரணும்."

தாளைப் பிள்ளைகள் முன்னால் படித்தேன். முன்வரிசைக்காரி தலையை ஆட்டினாள்.

"அப்பான்னுல்லாம் பாட மாட்டேங்க்கா. எங்கப்பா வேற ஆளு."

"பாடலைன்னா சார் சும்மா வுடுவாராடி?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"வேணும்னா மாமான்னு பாடுறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. மாமன் என்று ஆகிவிட்டால் முறை வந்துவிடுகிறது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் முறைக்காரப் பெண்களுக்கு மாப்பிள்ளையைக் கேலி பண்ண உரிமை உண்டு. எவ்வளவு பெரிய மனிதனாக இருந்தாலும் மணையில் உட்கார்ந்தால் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்ள வேண்டும். கும்பிட்டுப் பாடுகிறவள் அந்நியம். கேலி பாடுகிறவள் சொந்தம்.

"அப்ப மாமான்னே பாடுவோம்" என்றேன்.

பாட்டை அவர்களே கட்டினார்கள். இரண்டு ஞாயிறு பிடித்தது. நான் மெட்டு மட்டும் போட்டேன். எப்படி வந்திருக்கிறது என்று மேனேஜர் கேட்டபோது, "ரெடியா இருக்கு சார்" என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

மண்டபத்தில் மாலை மாற்றி முடிந்ததும் மைக்கில் ஒருவர், "அடுத்து ஆதரவற்ற குழந்தைகள் நன்றி கீதம் பாடுவார்கள்" என்றார். இருபது பேரும் வரிசையாக நின்றார்கள். கைகள் தொடையில் இருந்தன.

அரிசி மில்லு மாமனுக்கு அறுபது வயசாம்
மீசையில மைய பூசி இருபதுன்னாராம்
மாலை போடக் குனிஞ்ச மாமன் நிமிர மறந்தாராம்
தாலி கட்ட வந்த மாமன் தைலங் கேட்டாராம்

முதல் இரண்டு வரிக்கு மண்டபம் மூச்சு விடவில்லை. மூன்றாவது வரியில் மணப்பெண், அதாவது மில்காரரின் மனைவி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நாலாவது வரியில், முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தொடையைத் தட்டி, "வுடாத, இன்னொரு வாட்டி பாடு கண்ணு, அவன் நல்லா கேக்கட்டும்" என்றார். இன்னொரு வாட்டி பாடினார்கள். மில்காரர் முகத்தில் என்ன இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அவர் கை மட்டும் மீசைப் பக்கம் போய்ப் பாதியில் இறங்கியது.

கை கழுவும் இடத்தில் மேனேஜர் என்னைப் பிடித்தார். "இனிமே ஞாயித்துக்கெழம நீங்க வர வேணாம்."

வார்டன் அம்மா அவ்வளவு சுருக்கமாக விடவில்லை. "நீங்க பாட்டுக்கு வூட்டுக்குப் போயி சாப்புட்டுப் படுத்துருவீங்க. நாளைக்கு அரிசி வர்லன்னா இதுங்க இன்னா பண்ணும்? ஒங்க ரோஷத்த வடிச்சிப் போட முடியுமா?"

அவர் பக்கம் நியாயம் இருந்தது. இருபது வயிறுகளின் நியாயம். ஆனால் வயிற்றின் நியாயத்தைச் சொல்லியே தொண்டையை நெரித்துவிடுகிறார்களே என்று என் உள்ளே ஒன்று முரண்டு பிடித்தது. அரிசி நின்றால் முதல் குற்றவாளி நான்தான் என்று ஒத்துக்கொண்டேன். அப்படியும் அந்தப் பாட்டைத் திரும்பப் பெற மனம் வரவில்லை.

அந்த மாத அரிசி வழக்கம்போல வந்ததாகக் காதில் விழுந்தது. மில்காரரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. எனக்கும் அழைப்பு வரவில்லை. மூன்று ஞாயிறுகள் கடையின் ஷட்டரைத் திறந்து, நகல் எடுக்க யாரும் வராத மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது ஞாயிறு மதியம் போன் அடித்தது. வார்டன் அம்மா.

"இன்னா மேடம் சொல்லிக் குடுத்துட்டுப் போனீங்க? இங்க ஒண்ணும் வாயத் தொறக்க மாட்டேங்குதுங்க."

கடலூரிலிருந்து ஒரு குடும்பம், மகனுக்குப் பிறந்த நாள் என்று பிரியாணியும் கேக்கும் கொண்டுவந்திருக்கிறது. இலை போட்டுப் பரிமாறியாகிவிட்டது. பாடுங்க என்றால் பிள்ளைகள் பாடவில்லை. சோற்றையும் தொடவில்லை. இருபது பேரும் இலையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். வார்டன் அம்மா அதட்டினார், கெஞ்சினார். பிரியாணி ஆறியது. கடைசியில் பிறந்த நாள் பையனே பசி தாங்காமல் சாப்பிட ஆரம்பித்துவிட்டான். அவன் அப்பா சங்கடத்தோடு, "பாட்டுல்லாம் எதுக்கும்மா, சாப்புடுங்க" என்றாராம். அதற்குப் பிறகுதான் இருபது கைகளும் இலைக்குப் போயிருக்கின்றன.

நான் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்தப் பாடத்திலும் இல்லை இது. நான் பாடச் சொல்லிக்கொடுக்கப் போனவள். அவர்கள் பாடாமல் இருக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். என் வாழ்க்கையில் நான் கேட்ட கச்சேரிகளை எல்லாம் ஒரு தட்டில் வைத்து, நான் கேட்காத அந்த மௌனத்தை மறுதட்டில் வைத்தால் எது தாழும் என்று எனக்குத் தெரியும்.

மேனேஜர் போனை வாங்கினார்.

"மேடம், நீங்க திரும்ப வாங்க. நீங்க சொன்னாதான் கேக்குங்க."

"வரேன் சார். மொதல்ல சாப்பாடு. பாட்டு அதுக்கப்புறம்."

"சாப்புட்டப்புறம் பாடுவாங்களா?"

"புடிச்சா பாடுவாங்க."

"புடிக்கலன்னா?"

"கை கழுவிட்டு வெளையாடப் போயிடுவாங்க."

"வந்த டோனருங்ககிட்ட நான் இன்னா மேடம் சொல்றது?"

"பிள்ளைங்க சாப்புட்டாங்கன்னு சொல்லுங்க சார்" என்றேன். அவர் சரி என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு காலை நான் யாரையும் கேட்காமல் கடலூர் பஸ்ஸில் ஏறினேன்.